90 செ.மீ. தொட்டியிலிருந்து 120-க்கு: பவளத் தொட்டியை மாற்றிய அனுபவம்

என்னுடைய பழைய கடல்நீர்த் தொட்டி 90 × 45 × 45 செ.மீ. கணக்குக்கு 182 லிட்டர். பாறை, மணல் எல்லாம் போக உள்ளே நின்ற தண்ணீர் 150 லிட்டர் சொச்சம்தான். சில வருஷங்கள் நன்றாக ஓடிய தொட்டி. ஒற்றைத் தலையோடு வாங்கி வைத்த ஹாமர் பவளம் கிளைத்துக் கிளைத்துப் பெரிய கொத்தாகிவிட்டது. ராத்திரியில் நீளமான கொட்டும் இழைகளை வெளியே விட ஆரம்பித்தது. காலையில் விளக்கு எரியும்போது பார்த்தால், பக்கத்திலிருந்த மான்டிபோரா என்ற இன்னொரு பவளத்தின் விளிம்பில் நகத்தளவு இடம் வெளுத்திருக்கும். அதைத் தள்ளி வைத்தால் இன்னொன்றின் மேல் போய் இடிக்கும். நகர்த்த இடமே இல்லை.

இன்னொரு காரணம் தண்ணீர். பவளம் வளர வளர அது தண்ணீரிலிருந்து உறிஞ்சும் கால்சியமும் கார்பனேட்டும் கூடிக்கொண்டே போகும். அந்தக் கார்பனேட்டின் அளவைக் காட்டும் அல்கலினிட்டி ஒரே நாளில் 1 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) வரை இறங்கத் தொடங்கியது. அந்தக் குறையை ஈடுசெய்யும் கரைசலை விடும் டோசிங் குழாய் ஒரு நாள் அடைத்துக்கொண்டாலும் மறுநாள் டெஸ்ட் கிட் காட்டிக்கொடுத்துவிடும். ஆவியாதலும் அப்படித்தான். 150 லிட்டரில் 2 லிட்டர் ஆவியானால் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து (பிபிடி) 35.5-க்கு ஏறிவிடும். புதுத் தொட்டியிலும் அதன் கீழே வைக்கும் துணைத் தொட்டியிலும் (சம்ப்) சேர்ந்து நிற்கும் 450 லிட்டரில் அதே 2 லிட்டர் போனால் 35.2-ஐக்கூடத் தொடாது. பெரிய தொட்டியில் ஆவியாவதும் அதிகம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 120 × 60 × 60 தொட்டியின் மேற்பரப்பு பழையதைவிட 1.8 மடங்குதான், கொள்ளளவோ 2.4 மடங்கு. அந்த வித்தியாசம் நமக்கு லாபம்.

ஆக, பெரிய தொட்டியில் எனக்கு வேண்டியிருந்தது அவகாசம். ஹீட்டர் நின்றுவிட்டாலோ, பாறைக்குப் பின்னால் ஒரு நத்தை செத்து அழுகினாலோ, நாம் பார்த்துச் சரி செய்வதற்குள் எண்கள் எல்லை தாண்டிவிடக் கூடாது. அந்த அவகாசத்தை உடனே புது மீன்களை வாங்கிப் போட்டுத் தின்றுவிடக் கூடாது என்பதையும் தொட்டி வாங்கும் முன்பே முடிவு செய்துகொண்டேன். கீழே சொல்லும் எல்லாமே அந்த முடிவிலிருந்து வந்தவை.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது நீளத்தைவிட முன்னிருந்து பின்னுக்குள்ள அகலத்துக்கு முக்கியத்துவம் கொடுங்கள். 45 செ.மீ. அகலத்தில் பாறையைச் சுவர் மாதிரி அடுக்குவதைத் தவிர வழியில்லை. 60 கிடைத்தால் முன்னே ஒரு மேடு, பின்னே ஒரு மேடு, நடுவில் மீன் நீந்த ஒரு சந்து என்று அமைக்கலாம். பின்கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவே தண்ணீர் ஓடவும் இடம் இருக்கும். உயரம் 60-க்கு மேல் போனால் கை தரையைத் தொடாது, வெளிச்சமும் அடிவரை இறங்க மெனக்கெட வேண்டும். இன்னும் பெரிதாக எடுக்க ஆசை இருந்தது. ஆனால் தொட்டிக்கு ஒரு தடவை செலவு செய்தால் போதும், உப்புக்கும் மின்சாரத்துக்கும் மாதாமாதம் செலவு செய்ய வேண்டும். பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால்கூட 45 லிட்டர், அதற்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பு. அதை அலுக்காமல் செய்ய முடியுமா என்று யோசித்துத்தான் 120-இல் நின்றேன்.

எடையைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 432 லிட்டர் கடல்நீரே 440 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி கிட்டத்தட்ட 90 கிலோ. பாறை, மணல், ஸ்டாண்ட், கீழே தண்ணீரோடு சம்ப் எல்லாம் சேர்த்தால் முக்கால் டன் வரும். அதுவும் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில். தரைத்தளத்தில் கான்கிரீட் மேல் வைக்கிறீர்கள் என்றால் கவலை குறைவு. மாடி என்றால் கட்டட விஷயம் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் வைக்காதீர்கள். ஸ்டாண்டை நான்கு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு நான்கு மூலையிலும் உயரம் அளந்து பார்ப்பது அதைவிட நம்பகமானது. அடியில் போடும் ஃபோம் மேட், அடிக்கண்ணாடி முழுதாக ஸ்டாண்டில் உட்காரும் பிரேம் இல்லாத தொட்டிக்கு மட்டும்தான். பிரேம் வைத்த தொட்டிக்கு அதைப் போட்டால் அடிக்கண்ணாடியைத் தேவையில்லாமல் மேலே தள்ளும்.

தொட்டி வந்ததும் வெறும் தண்ணீரை முழுதாக நிரப்பி இரண்டு நாள் அப்படியே விட்டேன். ஒட்டுகளின் ஓரமெல்லாம் காகிதத் துண்டை ஒற்றி எடுத்துப் பார்த்தால் கசிவு உடனே தெரியும்.

சம்ப் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய தொட்டியில் சம்ப் கிடையாது, எல்லாமே பின்னால் தொங்கிய பெட்டிதான். அதனால் மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. சம்ப் வைத்தால் அதுதான் முதல் கேள்வி. சம்ப் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்ற அடுத்த நொடி, மேலே இருக்கும் தண்ணீர் ரிட்டர்ன் குழாய் வழியாகவே திரும்பக் கீழே இறங்கும். குழாயின் வாய் காற்றை உறிஞ்சும் வரை நிற்காது. 120 × 60 பரப்பில் ஒரு செ.மீ. தண்ணீர் என்பது 7.2 லிட்டர். குழாயின் வாய் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 21 லிட்டருக்கு மேல் சம்புக்கு வந்துவிடும், அதோடு குழாய்களிலும், தொட்டித் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்பதும் சேரும். இந்த உறிஞ்சல் (சைஃபன்) உடையட்டும் என்று குழாயில் ஓட்டை போடுவார்கள். ஆனால் அந்த ஓட்டையைப் பாசி மூடும், சின்ன நத்தை வந்து உட்காரும். அதை மட்டும் நம்பக் கூடாது. குழாயின் வாயை மேற்பரப்புக்கு ஒட்டினாற்போல வைப்பதுதான் பாதுகாப்பு.

பம்ப் ஓடும்போது தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். பிளக்கைப் பிடுங்கி, இறங்குவதெல்லாம் இறங்கிய பிறகு இன்னொரு கோடு. மேல் கோட்டுக்கும் சம்பின் விளிம்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி கிடைக்கும் வரை அளவைக் குறைத்தேன். அப்புறம் நேரெதிரான சோதனை: ஓவர்ஃப்ளோவைக் கையால் அடைத்து, சம்பின் ரிட்டர்ன் அறையில் இருக்கும் தண்ணீர் முழுவதும் மேலே ஏறினால் தொட்டி வழிகிறதா என்று பார்த்தேன். வழியவில்லை. இந்த இரண்டு சோதனையையும் செய்யாத தொட்டியை நான் முடிந்த தொட்டி என்று சொல்ல மாட்டேன். வடிகாலுக்கு இரண்டு குழாய்: ஒன்று கேட் வால்வு வைத்து முழு சைஃபனாக ஓடுவது, இன்னொன்று அவசரத்துக்குக் காலியாக நிற்பது. வால்வைச் சரியாகத் திருப்பி வைத்தால் தண்ணீர் இறங்கும் சத்தமே கேட்காது.

ஹீட்டர் ஒன்றுக்குப் பதில் பாதித் திறனில் இரண்டு வாங்கினேன், இரண்டும் தனி கன்ட்ரோலர் வழியாக ஓடுகின்றன. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் நின்றாலும் ஒரு சின்ன ஹீட்டரால் மொத்தத் தண்ணீரையும் வேகமாகச் சூடாக்க முடியாது. மின்சாரம் போனால் முதலில் குறைவது ஆக்சிஜன். அதற்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

இனி தண்ணீர். 450 லிட்டர், உப்பும் மாசும் நீக்கிய ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீர் எடுப்பது பொறுமைக்குச் சோதனை. கரைந்திருப்பவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்ஜியம் காட்டும் வரை பில்டரை நம்பக் கூடாது. பெரிய டிரம்மில் தண்ணீர் பிடித்து, பம்பும் ஹீட்டரும் ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். உப்பைக் கொட்டிவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் செறிவு கூடி, கால்சியம் வெள்ளைப் படிவாக விழுந்துவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்த்தால் போதாது, 35 பிபிடி கரைசல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் அளக்கும் இடம் 35 என்பதால் கருவி அங்கே சரியாகக் காட்ட வேண்டும்.

அதைவிட முக்கியமானது புதுத் தண்ணீரின் அல்கலினிட்டி. சில உப்புகள் கலக்கினால் 11 டிகேஎச் வரை வரும். என் பவளங்கள் 8-இல் பழகியவை. தொட்டி முழுக்க 11-இல் நிரப்பி ஒரே நாளில் அவற்றை உள்ளே விட்டால், ஆக்ரோபோரா போன்ற பவளங்களுக்கு நுனி கருகும். அதனால் 8-ஐ ஒட்டி வரும் உப்பாகப் பார்த்து வாங்கினேன். கலக்கிய டிரம் ஒவ்வொன்றையும் டெஸ்ட் கிட்டால் பார்த்துத்தான் தொட்டியில் விட்டேன். இயற்கைக் கடல்நீரே 7 டிகேஎச் அளவில்தான் இருக்கிறது. அந்த அளவிலும் பவளம் நன்றாகவே வளரும்.

பழைய தண்ணீரை எவ்வளவு கொண்டுபோக வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட், நைட்ரேட் என்று மாற்றும் நைட்ரஜன் சுழற்சியை நடத்தும் பாக்டீரியா பெரும்பாலும் பாறையிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை, தண்ணீரில் மிதப்பவை சொற்பம். அதனால் பழைய தண்ணீரை அப்படியே கொண்டுபோவதில் பெரிய பயன் இல்லை. மீனையும் பவளத்தையும் தற்காலிகமாக வைக்கும் டப்பாக்களுக்கு அது வேண்டும், அவ்வளவே. கொண்டுபோக வேண்டியது பாறை. இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961-இலேயே நுண்ணுயிர்கள் குடியேறிய உயிர்ப்பாறையையும் காற்றுக் குமிழியையும் நம்பி நடத்தும் கடல்நீர்த் தொட்டியைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் அடிப்படை அதுதான், நுரையோடு கழிவை எடுக்கும் ஸ்கிம்மரும் மற்றதும் அதற்குத் துணை.

பழைய பாறை மட்டும் போதாது என்பதால் உலர்ந்த பாறையும் வாங்கினேன். அதை நேராகத் தொட்டியில் போடவில்லை. கடல்நீர் நிரப்பிய டிரம்மில் இருட்டில் வைத்து, ஹீட்டரும் பம்பும் ஓடவிட்டு, பாக்டீரியாவும் அம்மோனியாவும் விட்டு வளர்த்தேன். 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அம்மோனியா விட்டால் மறுநாளுக்குள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியத்துக்கு வர வேண்டும். வந்தால் பாறை தயார். உலர்ந்த பாறையிலிருந்து பாஸ்பேட் கசிவது உண்டு என்பதால் அதையும் அந்த டிரம்மிலேயே சோதித்துத் தண்ணீரை மாற்றினேன்.

பழைய மணலை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வருஷக்கணக்கில் அதற்குள் இறங்கிய எச்சம் முழுக்க அடியில் இருக்கிறது. ஆக்சிஜன் எட்டாத அடுக்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கலாம். கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். அசையாத வரை அது தொந்தரவு செய்யாது. கிளறிவிட்டால் ஒரே நேரத்தில் எல்லாம் தண்ணீருக்கு வரும். புது அரகோனைட் மணலைக் கழுவிப் போட்டு, பழைய மணலின் மேல்தோலிலிருந்து ஒரு டம்ளர் மட்டும் தூவினேன்.

மாற்றும் நாளில் தம்பி உதவிக்கு வந்திருந்தான். வலையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அண்ணா, மீன முதல்ல பிடிச்சிடலாமா?" என்றான்.

"வேண்டாம்டா, கடைசியில பாத்துக்கலாம். பாறை வெளிய வந்தா மீன் தானா கைக்கு வரும்."

வரிசை இதுதான். மணல் கலங்குவதற்கு முன்பே தெளிந்த தண்ணீரை மேலிருந்து டப்பாக்களில் இறக்கிவிட வேண்டும். பிறகு பவளங்கள், பிறகு பாறைகள், கடைசியில் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்போது மீன்கள். பாறை உள்ளே இருக்கும்போது மீனைத் துரத்தினால் அதுவும் களைத்துப்போகும், மணலும் கலங்கிவிடும். ஒவ்வொரு டப்பாவிலும் ஹீட்டர், காற்றுக்கல், மேலே மூடி. பயந்த மீன் குதிக்கும், மூடி இல்லாமல் வைக்கவே கூடாது.

பாறையைத் தூக்கும் முன் கையுறையும் கண்ணாடியும் போட வேண்டும், தம்பிக்கும் சேர்த்து. சோஅந்திட் என்ற பூப்போன்ற பவள வகைகளில், குறிப்பாகப் பாலித்தோவாவில், பாலிடாக்சின் என்ற கடுமையான நச்சு இருக்கக்கூடும். அவை ஒட்டிய பாறையைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பது, வெந்நீர் ஊற்றுவது, கொதிக்க வைப்பது எதுவும் கூடாது. ஆவியாகவோ சாரலாகவோ உள்ளே போனால் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் படுக்க வைத்துவிடும். வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், மூச்சுத் திணறல் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், பவளத்தைக் கையாண்டதைச் சொல்லுங்கள். வீட்டில் குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ இருந்தால் அந்த நேரத்துக்கு அந்த அறைப் பக்கமே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுத் தொட்டியில் முதலில் பாறை, பிறகுதான் மணல். பாறை நேரே அடிக்கண்ணாடியில் உட்கார வேண்டும். மணல் மேல் வைத்தால் குழி தோண்டும் கோபி மீனும் பிஸ்டல் இறாலும் ஒரு நாள் அடியைப் பறித்துச் சரித்துவிடும். பாறையை எப்படி அடுக்குவது என்பதைத் தரையில் 120 × 60-க்கு ஒரு செவ்வகம் வரைந்து அதற்குள் முன்கூட்டியே அடுக்கிப் படம் எடுத்து வைத்திருந்தோம். அதனால் அன்றைக்குக் கையில் பாறையை வைத்துக்கொண்டு யோசித்து நிற்க வேண்டிய அவசியம் வரவில்லை. வெப்பநிலையும் உப்புத்தன்மையும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்ததால் மீன்களை விடவும் நேரமாகவில்லை. கோமாளி மீன் ஜோடி ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. பவளங்களை எல்லாம் முதலில் மணலிலேயே வைத்தேன். பாறையில் எங்கே ஒட்டுவது என்று முடிவு செய்யும் முன் தண்ணீர் எங்கே வேகமாக ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஹாமரின் இழைகள் ஒரே பக்கமாகப் படிந்தால் வேகம் அதிகம், அசையாமல் தொங்கினால் குறைவு. இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடும் இடம் கிடைத்த பிறகுதான் பசையை எடுத்தேன்.

புது விளக்கு பழையதைவிட வலுவானது. அதைப் பாதிக்கும் கீழே வைத்து, வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றினேன். பவளத்துக்குக் கிடைக்கும் வெளிச்சத்தை அளக்கும் பார் மீட்டர் இரவல் கிடைத்தால் கட்டாயம் வாங்கி அளந்து பாருங்கள். ஹாமருக்கு 100 அளவு போதும், மான்டிபோராவுக்கு 200-க்கு மேல் கொடுக்கலாம்.

முதல் வாரங்களில் அம்மோனியா எழவில்லை. பழுப்புப் பாசி வந்தது. மணல் முழுக்க டயாட்டம் படர்ந்து தானாகவே போனது, அதற்கு எந்த மருந்தும் தேவையில்லை. நான் பயந்தது வேறொன்றுக்கு. மீன்கள் அதே சில மீன்கள், தண்ணீரோ மூன்று மடங்கு, பாறைப் பரப்பும் புதிது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்க இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா? அந்த வெறுமையில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் கிளம்பும். சளி மாதிரி நூல்நூலாக, நுனியில் குமிழியோடு. தண்ணீரைச் சுத்தமாக்க நினைத்து ஸ்கிம்மரைக் கூட்டி, பாஸ்பேட் உறிஞ்சியும் போட்டு அதை வரவழைத்துக்கொள்பவர்கள் பலர். நான் தீனியைக் கூட்டினேன், ஸ்கிம்மரைப் பகலில் நிறுத்தினேன். நைட்ரேட் 5 பிபிஎம்முக்குக் கீழேயும் பாஸ்பேட் 0.03 பிபிஎம்முக்குக் கீழேயும் இறங்காமல் பார்த்துக்கொண்டேன். சுத்தமான தண்ணீர் என்றால் பூஜ்ஜியம் என்ற எண்ணத்தை இந்தக் கட்டத்தில் விட்டுவிட வேண்டும்.

டோசிங் பற்றியும் இதே மாதிரி ஒரு குழப்பம் உண்டு. தொட்டி 2.4 மடங்கு பெரிதானால் டோசிங்கையும் 2.4 மடங்கு ஆக்க வேண்டுமா? கூடாது. அல்கலினிட்டியைச் செலவழிப்பது பவளம். அதே பவளங்கள் அதே அளவைத்தான் எடுத்துக்கொள்ளும். மாறுவது எண் இறங்கும் வேகம் மட்டும். இடம் மாறிய அதிர்ச்சியில் சில நாள் வளர்ச்சியும் மந்தமாக இருக்கும். அதனால் பழைய அளவில் பாதியில் தொடங்கி, தினமும் ஒரே நேரத்தில் அளந்து, எண் இறங்கினால் மட்டும் கூட்டினேன். பழைய அளவுக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது அதையும் தாண்டிவிட்டது, மான்டிபோராவின் விளிம்பு புதிதாக வெள்ளைக் கோடு போட்டு வளர்கிறது. வளரும் விளிம்பு சீரான கோடாக இருக்கும், கொட்டு பட்ட இடம் திட்டாக இருக்கும். பார்த்துப் பழகினால் பிரித்துவிடலாம்.

புதுப் பவளம் வாங்குவதானால் வளர்த்தெடுத்த துண்டுகளாகப் பார்த்து வாங்குங்கள். கல் பவளங்கள் எல்லாமே, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், சில இடங்களில் வைத்திருப்பதற்கே அனுமதி இல்லை. தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

மீன் விஷயத்தில் அவசரப்படவில்லை. இருந்த மீன்களே முதல் சில மாதங்கள். புது மீன் எதுவானாலும் தனித் தொட்டியில் ஆறு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே. வெள்ளைப்புள்ளி நோய் ஒரு தடவை பெரிய தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், பவளமும் இறாலும் இருக்கும் இடத்தில் தாமிர மருந்து விட முடியாது. மாண்டரின் மீனுக்குப் பாறையிலேயே கோபிபாட் என்ற நுண்ணிய இரை உயிரிகள் பெருகியிருக்க வேண்டும், அதனால் அது அடுத்த வருஷம். மஞ்சள் டேங் (tang) மீன் ஒன்றும் திட்டத்தில் உண்டு, அது கடைசியாக வரும். சண்டைக்காரன் முதலில் வந்தால் தொட்டி முழுவதையும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்வான். நீல டேங் ஏன் வாங்கவில்லை என்று பார்க்க வருகிற குழந்தைகள் எல்லாம் கேட்கிறார்கள். அது 30 செ.மீ. வரை வளரும், நாள் முழுக்க நீளமாக நீந்தும் மீன். அதற்கு 120 செ.மீ. போதாது. இந்தத் தொட்டியில் அதை விடப் போவதில்லை.